நாய் படுத்த செற்றியும் பிள்ளையின் முட்டும்

சோளகம் வீசும் மாதங்களில் பளையில் வீடு கூட்டி முடிந்தது என்று எவரும் சொல்ல முடியாது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை அந்தக் காற்று தென்னந்தோட்டங்களுக்கு ஊடாக நுண்மணலை அள்ளிவந்து விறாந்தையில் போடும். வளவு முழுக்க மணல். அந்த மணலைக் கிளறிக் குழி பறித்துப் படுக்கும் நாய், வெயில் ஏறியதும் உள்ளே வந்து செற்றியில் சுருண்டுகொள்ளும். பூனைக்கு மெத்தைதான் இடம்.

போருக்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் பலர் கொட்டில்களில் இருந்தார்கள். மண் தரை, கிடுகு அல்லது தகரக் கூரை, நாலு பக்கமும் காற்று. நாயும் பூனையும் அப்போதும் இருந்தன. ஆனால் அவை உதிர்த்தது எதுவும் வீட்டுக்குள் தங்கவில்லை. இன்று பளை அடங்கிய பச்சிலைப்பள்ளிப் பிரதேசம் எங்கும் கல்வீடுகள். ரைல்ஸ் தரை, கனத்த திரைச்சீலை, துணி உறை போட்ட செற்றி, பஞ்சு மெத்தை, மணலுக்குப் பயந்து சாத்திவைத்த ஜன்னல். வீடு பாதுகாப்பானதாக மாறியது பெரிய ஆறுதல். ஆனால் அதே மூடிய அறைக்குள்தான் முட்டு வருத்தம் உள்ள பிள்ளை நாயோடும் பூனையோடும் தூங்குகிறது. ஆகவே வீட்டைச் சுத்தம் செய்யும் முறையும் மாற வேண்டும். கையில் பிடிக்கும் சிறிய வக்கியூம் கிளீனரைப் பற்றி எழுதுவது அதனால்தான்.

முடி கண்ணுக்குத் தெரியும், தூள் தெரியாது

நாய் முடியால் முட்டு வருகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். முடி பெரிய பொருள். அது மூச்சுக்குழாயின் ஆழத்துக்குப் போவதில்லை. ஒவ்வாமையைக் கிளப்புவது விலங்கின் எச்சில், தோல், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்கள். பூனை தன் உடம்பை நக்க நக்க எச்சில் முடியில் படிந்து, காய்ந்து, பொடியாகி, உதிரும் தோற்பொருக்கோடு சேர்ந்து காற்றில் ஏறுகிறது. பூனையின் முதன்மையான ஒவ்வாமைப் புரதத்துக்கு ஃபெல் டி 1 என்றும் நாயினுடையதற்குக் கான் எஃப் 1 என்றும் பெயர். இவற்றின் ஒரு பகுதி 5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்களில் ஒட்டியிருக்கும். மனிதத் தலைமுடியின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் இந்தத் தூளின் அளவை எண்ணிப் பாருங்கள். அது நிலத்தில் விழாமல் மணிக்கணக்கில் மிதக்கும்.

பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாலும் அதன் புரதம் மெத்தையிலும் செற்றியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். பூனையே இல்லாத வகுப்பறைக்கும் பூனை வளர்க்கும் பிள்ளைகளின் உடுப்பில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேரும்.

எல்லாருக்கும் இது வருத்தம் தருவதில்லை. ஆனால் விடியப்புறம் தொடர் தும்மல், கண் கடி, பூனையைத் தூக்கிய கையில் தடிப்பு, இரவில் இழுப்பு என்று ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வந்தால் பளை வைத்தியசாலையிலோ கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கிலோ காட்ட வேண்டும். வீடு எவ்வளவு சுத்தமானாலும் வைத்தியர் கொடுத்த மருந்துப் பம்பை (இன்ஹேலரை) நாமாக நிறுத்தக் கூடாது. எந்த இயந்திரமும் அந்த மருந்தின் வேலையைச் செய்யாது.

முட்டு நோயாளி ஒருவர் செய்த இயந்திரம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கன்ரன் என்ற ஊரில், ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். அவருக்கு முட்டு. கம்பளம் கூட்டும்போது எழும் தூசி அவரை வாட்டியது. 1907இல் ஒரு மின்விசிறி மோட்டரையும் தும்புத்தடிப் பிடியையும் தலையணை உறையையும் ஒன்றாகப் பொருத்தி, தூசியை உறிஞ்சிப் பைக்குள் தள்ளும் கருவி ஒன்றைச் செய்துகொண்டார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கித் தொழிலாக்கிய குடும்பத்தின் பெயர்தான் ஹூவர். கம்பியில்லாமல் கையில் தூக்கிப் பிடிக்கும் சிறிய வகை 1979இல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த டஸ்ட்பஸ்டரோடு வீடுகளுக்குள் பரவியது.

ஸ்பாங்லரின் தலையணை உறை மணலைப் பிடித்திருக்கும், முடியைப் பிடித்திருக்கும். மிக நுண்ணிய தூள் அதன் நெசவுக்குள்ளால் வெளியேறியிருக்கும். இன்று விற்கும் மலிவான கைக்கருவிகள் பலவற்றிலும் குறை இதுதான். முன்பக்கத்தால் உறிஞ்சியதன் நுண்பகுதியைப் பின்பக்கத்தால் அறைக்குள் ஊதிவிடுகின்றன. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 21 வக்கியூம் கிளீனர்களைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அவை இயங்கும்போது துகள்களும் பக்ரீரியாக்களும் வெளியேறுவதை அளந்து காட்டினார்கள். தரையில் அடங்கிக் கிடந்த தூளைப் பிள்ளையின் மூக்கு மட்டத்துக்கு எழுப்பிவிடும் கருவியை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது நல்லது.

உறிஞ்சும் வாயைவிட ஊதும் வாயைப் பாருங்கள்

கடையில் முதலில் காட்டுவது உறிஞ்சும் பலத்தை. பெட்டியில் பெரிய எழுத்தில் பஸ்கால் கணக்கு இருக்கும். அந்த எண் பெரும்பாலும் குழாய் வாயை அடைத்துவைத்து அளந்தது. மெத்தையின் மேல் ஓடும்போது எவ்வளவு காற்று பாய்கிறது என்பதை அது சொல்லாது. வாற்று என்பதோ கருவி தின்னும் மின்சாரம். அதிக வாற்று இருந்தால்தான் நன்றாகச் சுத்தமாகும் என்றில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்ரெம்பரில் இருந்து வீட்டு வக்கியூம் கிளீனர்களை 900 வாற்றுக்குள் மட்டுப்படுத்தியது. அதனால் அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி வடிகட்டியைப் பற்றியது. உண்மையான ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். ஐரோப்பிய முறையில் எச்13 என்ற தரம் அதற்குக் கிட்ட வரும், 99.95 வீதம். பெட்டியில் 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்றது' என்று மட்டும் போட்டிருந்தால் அந்தத் தரத்துக்கு எந்த உறுதியும் இல்லை. வடிகட்டி நல்லதாக இருந்தும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ஆகவே மூடியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். இடைவெளி, ஆட்டம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். ஏற்கெனவே வீட்டில் கருவி இருந்தால் இரவில் விளக்கை அணைத்து, கொஞ்சம் கோதுமை மாவை உறிஞ்சவிட்டு, பின்பக்கக் காற்றின் குறுக்கே ரோர்ச் அடியுங்கள். வெளிச்சத்தில் புகை போல மா மிதந்தால் அந்தக் கருவி முட்டுக்காரர் வீட்டுக்கு உதவாது.

இரண்டாவது, தூரிகை. நாய் முடி துணியின் நெசவுக்குள் குத்தி நிற்கும். வெறும் உறிஞ்சல் அதை இழுத்தெடுக்காது. தனி மோட்டரால் சுழலும் சிறிய தூரிகைத் தலை இருந்தால் செற்றியும் வான் இருக்கையும் நன்றாகச் சுத்தமாகும். அது இல்லாத கருவியில் ரப்பர் பற்கள் உள்ள முனையாவது இருக்க வேண்டும். தூரிகையில் முடி சுற்றிக்கொள்ளும் என்பதால், கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வசதியாக அது கழன்று வருகிறதா என்று கவனியுங்கள். மெத்தை மடிப்பு, செற்றி இடுக்கு இவற்றுக்கு ஒடுங்கிய முனை ஒன்று போதும்.

தூசிக் கலத்தைக் கொட்டும் நேரம் ஆபத்தானது. வீட்டுக்குள் கொட்டினால் அரை மணி நேர வேலை ஒரு நொடியில் வீண். வெளியே, காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து வீசும்படி நின்று, முகக்கவசம் போட்டு, பொலித்தீன் பைக்குள் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். முட்டு உள்ளவர் இதையும் செய்யக் கூடாது, வக்கியூம் பிடிக்கவும் கூடாது. வேலை முடிந்து ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிள்ளை அந்த அறைக்குள் வர வேண்டும்.

எங்கள் மணல், எங்கள் மழை, எங்கள் கரண்ட்

வெளியூர் விளம்பரங்கள் கம்பளம் விரித்த வீடுகளை மனதில் வைத்துச் செய்தவை. பளையில் சிக்கல் மணல். சிறிய கலம் மணலால் விரைவில் நிரம்பும், வடிகட்டி அடைக்கும், அடைத்ததும் மோட்டர் சூடாகும். எனவே தரையில் கிடக்கும் மணலுக்கு வக்கியூம் வேண்டாம். அதைத் தும்புத்தடியால் மெதுவாக ஒதுக்கி, பிறகு ஈரத் துணியால் துடைப்பதே சரி. ரைல்ஸிலும் சீமெந்திலும் நாயின் தூளைப் பிடிக்க ஈரத்துணியைவிட நல்ல கருவி கிடையாது. கைவக்கியூமின் இடம் துணி: மெத்தை, செற்றி, திரைச்சீலை, வாகன இருக்கை. வாசலில் கனமான கால்மிதி ஒன்று போட்டால் மணலில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

கழுவக்கூடிய வடிகட்டி என்றால் ஒரு முழு நாளாவது காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அது காயாது. ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சணம் பிடித்து அந்த வித்துகளும் காற்றில் கலக்கும். இரண்டாவது வடிகட்டி ஒன்றைக் கருவியோடு சேர்த்தே வாங்குவது இதற்காகத்தான். சில ஹெப்பா வடிகட்டிகள் கழுவவே கூடாதவை, குறிப்பேட்டைப் பாருங்கள்.

லித்தியம் பற்றரிக்கு வெக்கை பகை. வெயிலில் நிற்கும் வானுக்குள் கருவியை விட்டுவிடாதீர்கள். பற்றரியைத் தனியாக மாற்றக்கூடிய கருவியைத் தேர்ந்தெடுங்கள். அது சில ஆண்டுகளில் தளரும், அப்போது முழுக் கருவியையும் எறிய வேண்டி வராது.

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவரும் கருவிக்கும் ஒரு சோதனை உண்டு. கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற், எங்களுடையது 230. சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி போட்டுப் பாவிக்கலாம். 120 என்று மட்டும் இருந்தால் செருகியதும் எரிந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும். இங்கிலாந்தில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் வருபவற்றுக்கு மின்னழுத்தச் சிக்கல் இல்லை.

தெள்ளுக்கு எதிரான நல்ல ஆயுதம்

இந்தக் கருவியை மனதாரப் பரிந்துரைக்க எனக்குள்ள வலுவான காரணம் தெள்ளுதான். நாயில் தெரியும் தெள்ளு ஒரு பகுதி மட்டுமே. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை வழுவழுப்பானவை, முடியில் ஒட்டாமல் படுக்கையிலும் தரை வெடிப்பிலும் விழும். குடம்பிகள் வெளிச்சத்துக்கு ஒளிந்து இடுக்குகளில் வளரும். கூட்டுப்புழு தன் கூட்டின் மேல் மணலையும் தூசியையும் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆள் நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே பாயும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்த அன்றே கால் முழுக்கக் கடி வாங்குவதற்குக் காரணம் இது. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளில், விறாந்தையில் ஊர்நாய் படுத்திருந்தால், இது அடிக்கடி நடக்கும்.

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளென் நீடம் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வக்கியூமால் உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் 96 வீதமும் இளம் பருவத்தவை அனைத்தும் செத்துப்போயின. தூரிகையும் காற்றும் அவற்றின் மெழுகுத் தோலைச் சிதைத்துவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே கலத்துக்குள் பூச்சிமருந்தோ அந்துருண்டையோ போட வேண்டாம். போட்டால் அந்த நஞ்சு பின்பக்கத்தால் அறைக்குள் பரவும். ஆனால் நாய்க்கு மருந்து போடாமல் வீட்டை மட்டும் உறிஞ்சினால் பலன் நிற்காது. இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். மருந்தைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் போடுங்கள். நாய்க்குரிய சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

உறிஞ்சக் கூடாதவை

மலம், வாந்தி, சிறுநீர் எதையும் உலர்வகைக் கருவியால் தொடக் கூடாது. மோட்டர் பழுதாவது சிறிய இழப்பு. கிருமி கருவி முழுக்கப் பரவுவதே பெரிய தீங்கு. கையுறை, பழைய பேப்பர், சவர்க்காரத் தண்ணீர் போதும். பூனையின் மலத்தில் வெளிவரும் ரொக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தொற்றும் நிலையை அடையும். அதனால் தினமும் அகற்ற வேண்டும், கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. வீடு கட்டக் குவித்த மணலில் பூனை போவது ஊரறிந்த விஷயம்; அந்தக் குவியலைத் தறப்பாளால் மூடுங்கள். பிள்ளைகள் விளையாடுவதும் அதில்தான்.

நாயின் கொழுக்கிப்புழுக் குடம்பிகள் ஈரமான, நிழலான மணலில் உயிரோடு இருந்து வெறுங்காலால் தோலுக்குள் நுழையும். அங்கைலோஸ்ரோமா செய்லானிக்கம் என்ற வகை மனிதக் குடலிலும் வாழக்கூடியது. இதற்கு வக்கியூம் ஒன்றும் செய்யாது. நாய்க்குப் பூச்சி மருந்தும் பிள்ளைக்குச் செருப்பும்தான் காப்பு.

வாங்க வசதி இல்லாவிட்டால்

பணத்தைப் பெரிதாகச் செலவழிக்காமலே பாதித் தூரம் போகலாம். ரப்பர் கையுறையை ஈரமாக்கிச் செற்றியை ஒரே திசையில் தடவினால் முடி திரண்டு வரும். நாயையும் பூனையையும் வீட்டுக்கு வெளியே, காற்றின் போக்கறிந்து, தினமும் சீவுங்கள். சீப்பில் வந்தது வீட்டுக்குள் வராது. நாயைக் குளிப்பாட்டினால் தூள் குறையும், ஆனால் சில நாட்களுக்கு மட்டுமே. தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மெத்தையையும் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். தோற்பொருக்கைத் தின்று வாழும் தூசிச் சிற்றுண்ணிகளை வக்கியூம் முழுதாகப் பிடுங்கி எடுக்காது, அவை துணியைப் பற்றிக்கொள்ளும். வெப்பமும் உலர்வும் அவற்றை அடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டு உள்ள பிள்ளையின் படுக்கை அறைக்குள் நாயும் பூனையும் வரக் கூடாது. பகலிலும் கூடாது, ஏனெனில் பகலில் உதிர்ந்த தூள் இரவிலும் அங்கேதான் இருக்கும். விறாந்தையின் காற்றுப்படாத மூலையில் பழைய சாரம் ஒன்றை மடித்துப் போட்டு நாய்க்கு அங்கே பழக்குங்கள். சாரத்தை வாரம் ஒருதடவை அவித்துக் காயப்போடலாம்.