உண்மை எனும் விழுமியமும் உயர்ந்த பண்பாடும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! அன்புக்குரிய இளைஞர், யுவதிகளே!

நற்பண்பு பற்றி நாம் நிறையவே கேட்கின்றோம். ஜும்ஆ மேடையில் கேட்கின்றோம், மத்ரஸாவில் கேட்கின்றோம், பாடசாலைக் காலைக் கூட்டத்திலும் கேட்கின்றோம். ஆயினும் அந்த நற்பண்பு ஒரு மனிதனுக்குள் எவ்வாறு உருவாகின்றது என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இன்று அதனையே ஒரு ஸஹாபியின் வாழ்வை முன்வைத்து விளங்கிக்கொள்ள முயல்வோம்.

விழுமியமும் பண்பும்

ஹிஜ்ரி 505ஆம் ஆண்டில் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் எனும் நூலில் பண்பு என்பதற்கு அழகானதொரு விளக்கம் தருகின்றார்கள். உள்ளத்தில் ஆழமாக நிலைபெற்று, யோசனையோ சிரமமோ இன்றி இலகுவாகச் செயல்களை வெளிப்படுத்தும் ஒரு நிலைதான் பண்பு என்பது அவர்களது விளக்கத்தின் சாரமாகும். எப்போதாவது ஒரு தேவைக்காகப் பணத்தை வாரி வழங்கியவரைக் கொடையாளி என்று சொல்லிவிட முடியாது. கொடுப்பது எவரின் இயல்பாகவே ஆகிவிட்டதோ அவரே கொடையாளி.

அப்படியாயின் விழுமியம் என்பது யாது? எதனை இழக்க நேரிட்டாலும் இதனை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று ஒரு மனிதன் தன் உள்ளத்தில் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பதுதான் அவனது விழுமியம். விழுமியம் விதை, பண்பு மரம். விதை மரமாவதற்கு நீர் வேண்டும். அந்த நீர்தான், சோதனை வரும் வேளையில் நாம் செலுத்தும் விலை. விலை கொடுக்காமல் காக்கப்படும் விழுமியம் வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

இதனைத் தெளிவாகக் காட்டும் ஒரு வரலாறு ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் விரிவாகப் பதிவாகியுள்ளது. அதுவே கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் வரலாறு.

ஒரு தவறும் ஒரு முடிவும்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630). மதீனாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தபூக்கை நோக்கிப் புறப்பட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கடும் வெப்பம்; நீண்ட பாலைவனப் பயணம். மதீனாவிலோ பழங்கள் கனிந்து, மர நிழல்கள் இதமாக இருந்த காலம்.

கஅப் (ரழி) அவர்கள் சாதாரணமானவர் அல்லர். அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்டவர், சிறந்த கவிஞர், நாவன்மை மிக்கவர். அவ்வேளையில் அவரிடம் இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. அதற்கு முன் ஒருபோதும் அவரிடம் இரண்டு ஒட்டகங்கள் ஒருசேர இருந்ததில்லை. உடல் வலிமையும் வசதியும் நிறைந்திருந்தன. ஆயினும் அவர் போகவில்லை. மறுத்துவிட்டா போகாதிருந்தார்? இல்லை. இன்று ஆயத்தமாவோம் என்று காலையில் புறப்படுவார். எதுவும் செய்யாமல் திரும்பி வருவார். நினைத்தால் முடியும்தானே என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். நாட்கள் கடந்தன, படை புறப்பட்டுச் சென்றுவிட்டது. பின்தொடர்ந்து சென்று சேர்ந்துகொள்வோம் என எண்ணினார், அதுவும் நடக்கவில்லை. மதீனாவின் தெருக்களில் நடந்தபோது நயவஞ்சகத்திற்குப் பெயர்போனவர்களும் இயலாதவர்களுமே கண்ணில் பட்டது அவரது உள்ளத்தை வருத்தியது.

இளைஞர்களே, இந்தத் தவறின் வடிவத்தைக் கவனியுங்கள். நாளை படிப்போம், நாளை தொழ ஆரம்பிப்போம், நாளை இந்தக் கூட்டத்தை விட்டு விலகுவோம் என நாம் சொல்லிக்கொள்வதும் இதே வடிவம்தான். பெரும்பாலான தவறுகள் தீர்மானித்துச் செய்யப்படுபவை அல்ல, தள்ளிப்போட்டுச் செய்யப்படுபவை.

நபி (ஸல்) அவர்கள் திரும்பி வருகின்றார்கள் என்ற செய்தி கிடைத்தது. கஅப் (ரழி) அவர்களின் மனம் பொய்களைத் தேடத் தொடங்கியது. எந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பலாம் எனத் தமது குடும்பத்தில் அறிவுடையவர்களிடமும் ஆலோசனை கேட்டார். ஆனால் நபியவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்றதும் அந்த எண்ணங்கள் யாவும் அவரை விட்டு அகன்றன. பொய்யினால் தப்ப முடியாது என்பதை உணர்ந்தார். உண்மையையே சொல்வதென உறுதி பூண்டார். விழுமியம் பிறந்த கணம் அதுதான்.

பொய் சொன்னவர்கள் வீடு சென்றார்கள்

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத்துகள் தொழுதுவிட்டு மக்களுக்காக அமர்ந்தார்கள். போகாமல் தங்கியிருந்த எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து காரணங்களைக் கூறிச் சத்தியம் செய்தார்கள். நபியவர்கள் அவர்களின் வெளிப்படையான வார்த்தைகளை ஏற்று, அவர்களுக்காகப் பாவமன்னிப்பும் கோரி, உள்ளத்தில் உள்ளதை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் நிம்மதியாக வீடு சென்றார்கள்.

இதனை நாம் மறைக்காமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பொய் பல வேளைகளில் பலிக்கவே செய்கின்றது. பொய் சொன்னால் உடனே அகப்பட்டுக்கொள்வாய் என்று மட்டும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, அகப்படாத முதல் நாளிலேயே அந்தப் பாடத்தைக் கைவிட்டுவிடும்.

கஅப் (ரழி) அவர்களின் முறை வந்தது. வேறு எவர் முன்னிலையிலாவது அமர்ந்திருந்தால் தமது வாதத் திறமையால் தப்பியிருக்க முடியும் என்பதை அவர் ஒளிக்கவில்லை. இன்று பொய் சொல்லி உங்களைத் திருப்திப்படுத்தினால் அல்லாஹ் விரைவில் உங்களை என்மீது கோபமுறச் செய்வான். உண்மை சொன்னால் நீங்கள் கோபப்படலாம், ஆயினும் அல்லாஹ்வின் மன்னிப்பை எதிர்பார்க்கின்றேன் என்ற கருத்தில் பேசினார். தமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இவர் உண்மை சொல்லிவிட்டார் என நபியவர்கள் முதலில் கூறினார்கள். பின்னர், அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை செல்லுமாறு பணித்தார்கள்.

ஐம்பது இரவுகள்

கஅப் (ரழி) அவர்கள் எழுந்து செல்கையில் அவரது கோத்திரத்தாரான பனூ ஸலிமாவினர் சிலர் பின்தொடர்ந்து வந்து, மற்றவர்களைப் போல் ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா எனக் கடிந்துகொண்டார்கள். திரும்பிச் சென்று தம் வார்த்தையைத் தாமே பொய்யாக்கிவிடலாமா என்ற அளவுக்கு அவர் மனம் தடுமாறியது. தம்மைப் போல் வேறு யாரேனும் உண்மை சொன்னார்களா என வினவினார். பத்ரில் கலந்துகொண்ட முராரா இப்னுர் ரபீஃ (ரழி), ஹிலால் இப்னு உமையா (ரழி) ஆகிய இரு நல்லவர்களின் பெயர்கள் கூறப்பட்டன. அதைக் கேட்டதும் அவர் உறுதியானார். தனித்து நிற்பவனுக்கு, அதே பாதையில் நிற்கும் ஓரிருவர் போதும். நண்பர்களைத் தெரிவு செய்வது பற்றி இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்?

அம்மூவரோடும் எவரும் பேசக்கூடாது எனப் பணிக்கப்பட்டது. கஅப் (ரழி) அவர்கள் தொழுகைக்கு வருவார், கடைவீதியில் நடப்பார், ஒருவரும் பேசமாட்டார்கள். நபியவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அந்த உதடுகள் அசைந்தனவா எனக் கவனிப்பார். ஒருநாள் தம் மிக நெருங்கிய உறவினரான அபூ கதாதா (ரழி) அவர்களின் தோட்டத்து மதிலில் ஏறி ஸலாம் சொன்னார், பதில் இல்லை. தாம் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பதை அறியமாட்டீரா எனத் திரும்பத் திரும்பக் கேட்டார். அல்லாஹ்வும் அவனது தூதருமே நன்கறிவார்கள் என்ற பதில் மட்டுமே கிடைத்தது. அவரது கண்கள் நீரைச் சொரிந்தன.

அந்நிலையில்தான் இரண்டாவது சோதனை வந்தது. கஸ்ஸான் மன்னனிடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. உம் தோழர் உம்மைப் புறக்கணித்துவிட்டாராம், எம்மிடம் வாரும், ஆதரிக்கின்றோம் என்பது அதன் சாரம். இதுவும் ஒரு சோதனையே எனக் கூறி, அக்கடிதத்தை அடுப்பிலிட்டு எரித்தார்.

இங்குதான் விழுமியம் பண்பாக மாறும் விதத்தைக் காண்கின்றோம். நபியவர்களின் முன் உண்மை சொல்லும் முடிவை எடுக்க அவர் போராட வேண்டியிருந்தது. ஆலோசனை கேட்டார், தடுமாறினார். ஆனால் மன்னனின் கடிதத்தை எரிக்க அவருக்கு அவ்வளவு போராட்டம் தேவைப்படவில்லை. முதல் முறை கொடுத்த விலை இரண்டாம் முறையை இலகுவாக்கியது. உண்மை நன்மைக்கும், நன்மை சுவர்க்கத்துக்கும் வழிகாட்டும் என்றும், தொடர்ந்து உண்மையே பேசி வருபவர் அல்லாஹ்விடத்தில் ஸித்தீக் என எழுதப்படுகின்றார் என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியதன் பொருளும் இதுவே. பொய்க்கும் இதே விதிதான். முதல் பொய்க்கு நாக்குத் தடுமாறும். பத்தாவது பொய்க்குத் தடுமாறாது.

நாற்பது இரவுகளின் பின், மனைவியரை விட்டும் விலகியிருக்குமாறு கட்டளை வந்தது. ஐம்பதாம் நாள் அதிகாலை, சுபஹ் தொழுகையை முடித்துத் தம் வீட்டுக் கூரைமேல் அமர்ந்திருந்த வேளையில், ஸல்ஃ மலையிலிருந்து நற்செய்தியை உரத்துக் கூறும் ஒரு குரல் கேட்டது. அவர் ஸுஜூதில் வீழ்ந்தார். தமது இரண்டு ஆடைகளையும் நற்செய்தி சொன்னவருக்கே அணிவித்துவிட்டு, இரவல் ஆடையுடன் பள்ளிவாசலுக்கு விரைந்தார். தல்ஹா (ரழி) அவர்கள் எழுந்தோடி வந்து கைலாகு கொடுத்து வாழ்த்தினார்கள். நபியவர்களின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது. அம்மூவரின் தவ்பா ஏற்கப்பட்டதை ஸூரத்துத் தவ்பாவின் 118ஆம் வசனம் அறிவிக்கின்றது. அதனை அடுத்த வசனம், அல்லாஹ்வை அஞ்சி உண்மையாளர்களுடன் இருக்குமாறு விசுவாசிகள் அனைவரையும் பணிக்கின்றது. சத்தியம் செய்து தப்பியவர்களைப் பற்றியும் அதே ஸூராவின் 95, 96ஆம் வசனங்கள் பேசுகின்றன. அன்று நிம்மதியாக வீடு சென்றவர்கள் யார், உண்மையில் தப்பியவர்கள் யார் என்பது அப்போது தெளிவாயிற்று.

உண்மையே தம்மைக் காப்பாற்றியது எனக் கூறிய கஅப் (ரழி) அவர்கள், வாழ்நாள் முழுவதும் உண்மையே பேசுவதென உறுதிமொழி எடுத்தார்கள். ஒருநாள் முடிவு ஓர் ஆயுளின் பண்பாயிற்று.

இளைஞர்களுக்கு

அன்பின் இளைஞர்களே! உங்கள் தபூக் பெரும்பாலும் சிறிய உருவில்தான் வரும். பரீட்சை மண்டபத்தில் பக்கத்து விடைத்தாளாக வரும். பிரத்தியேக வகுப்புக்கென வாப்பா தந்த காசாக வரும். வெளிநாட்டு வேலைக்காக, இல்லாத அனுபவத்தை எழுதச் சொல்லும் விண்ணப்பமாக வரும். கடைக் கணக்கில் யாருக்கும் தெரியாத நூறு ரூபாவாக வரும். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கலாம் என எண்ணாதீர்கள். ஆசையும் அச்சமும் சூழ்ந்திருக்கும் வேளையில் அறிவு தடுமாறும். எனவே இன்றே ஒரு விழுமியத்தைத் தெரிவு செய்யுங்கள். பத்து வேண்டாம், ஒன்று போதும். முயன்று பொறுமை கொள்பவருக்கு அல்லாஹ் பொறுமையை வழங்குவான் என்பது நபிமொழி தரும் உறுதியாகும். ஏனைய பண்புகளும் அவ்வாறே முயற்சியால் வருபவை.

ஒன்றையும் நினைவில் வையுங்கள். உண்மை பேசுதல் என்பது பிறரின் குறைகளை அம்பலப்படுத்துவதன்று. பிறர் குறையை மறைப்பதும், பிணங்கியோரை இணக்குவதும் மார்க்கம் போற்றும் செயல்கள். கஅப் (ரழி) அவர்கள் தம்மைப் பற்றிய உண்மையையே சொன்னார்கள்.

பெற்றோர்களுக்கு

கண்ணியமிக்க பெற்றோர்களே! கடன்காரர் வந்து நிற்கையில், வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு பிள்ளையை அனுப்புகின்றோம். பஸ்ஸில் அரை டிக்கட்டுக்காகப் பிள்ளையின் வயதைப் பிள்ளையின் முன்னிலையிலேயே குறைத்துச் சொல்கின்றோம். பின்னர் அதே பிள்ளை நம்மிடம் பொய் சொல்லும்போது அதிர்ச்சி அடைகின்றோம். தம் குழந்தைக்கு ஏதோ தருவதாகக் கூறி அழைத்த ஒரு தாயிடம், என்ன கொடுக்க நாடினீர் என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு பேரீத்தம்பழம் என்றார் அத்தாய். எதனையும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என நபியவர்கள் உணர்த்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

மற்றொன்று மிக முக்கியமானது. கஅப் (ரழி) அவர்கள் தவற்றை ஒப்புக்கொண்டபோது, அவர் உண்மை சொன்னார் என்பதை நபியவர்கள் முதலில் அங்கீகரித்தார்கள். தவறுக்கான விளைவு வேறாக வந்தது. நாமோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றோம். குறைந்த புள்ளியைத் தானாகவே வந்து சொன்ன பிள்ளைக்கும், மறைத்து அகப்பட்ட பிள்ளைக்கும் ஒரே ஏச்சு. அப்படியாயின் அடுத்த தவணையில் எந்தப் பிள்ளை உண்மை சொல்லும்? உண்மை சொன்னதற்காக முதலில் பாராட்டுங்கள். தவறைத் திருத்தும் வேலையை அதன்பின் தொடங்குங்கள். திருந்திவிட்டால், தல்ஹா (ரழி) அவர்களைப் போல் எழுந்து சென்று அணைத்துக்கொள்ளுங்கள். பழையதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

இறுதியாக ஒரு செய்தி. இந்த நீண்ட வரலாறு நம் கைகளில் எவ்வாறு கிடைத்தது தெரியுமா? முதுமையில் பார்வையிழந்த கஅப் (ரழி) அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்ற அவரது மகன் அப்துல்லாஹ்வே இதனைத் தம் தந்தையிடமிருந்து கேட்டு அறிவித்தார்கள். தம்முடைய தவற்றை, தடுமாற்றத்தை, கண்ணீரை ஒன்றும் மறைக்காமல் ஒரு தந்தை தன் மகனுக்குச் சொன்னார். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்துகளில் இதற்கு நிகரானது அரிது.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் உண்மையாளர்களின் கூட்டத்தில் சேர்ப்பானாக! நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும், நம் உள்ளங்களை நயவஞ்சகத்திலிருந்தும் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.