முற்றும் அறிந்தவன் கையில்

திருக்குறளின் கடவுள் வாழ்த்துக்கு உரைகண்ட பரிமேலழகர், சைவாகமத்தின் வழிநின்று இறைவனுக்கு எட்டுக் குணங்களை எடுத்துரைப்பார். அவற்றுள் முற்றும் உணர்தல் ஒன்று. பேரருள் உடைமை மற்றொன்று. இவ்விரண்டையும் வகுப்பில் விளக்கும்போது ஒரு வினா எழுவதுண்டு. நம் குற்றங்குறைகளை ஒன்றுவிடாமல் அறிந்த ஒருவனிடமிருந்து நாம் அஞ்சி ஒளிவதா, அவனிடமே அடைக்கலம் புகுவதா? இந்து மரபில் வந்த தமிழாசிரியன் நான். இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ இலக்கியம் தரும் விடையை இன்று நேயர்களோடு சேர்ந்து நோக்க விரும்புகிறேன்.

யூதரிடமிருந்து கிறிஸ்தவர் பெற்றுக்கொண்ட பெருஞ்செல்வம் சங்கீதங்கள். கத்தோலிக்கர் அவற்றைத் திருப்பாடல்கள் என வழங்குவர். தாவீதின் பெயரால் அமைந்த 139ஆம் சங்கீதம் 24 வசனங்களைக் கொண்டது. தான் இருப்பதையும் எழுவதையும், நாவில் இன்னும் பிறவாத சொல்லையுங்கூடக் கடவுள் அறிவார் என்று கவிஞன் தொடங்குகிறான். அடுத்து, எங்கே ஓடுவது என்று தேடுகிறான். வானமும் பாதாளமும் கடலின் கடைக்கோடியும் இருளும் அவனை மறைக்கவில்லை. இவ்விடத்தில் ஒலிப்பது தப்பியோட முனைபவனின் குரல் என்றே எனக்குப் படுகிறது. பின்னர் தாயின் கருவறையை நினைக்கிறான். தன்னைப் பார்க்கும் கண், தன்னை உருவாக்கியவரின் கண்ணே என உணர்கிறான். அச்சம் வியப்பாக மாறுகிறது.

இலக்கணம் கற்பிப்போர் கண்ணில் இன்னொன்றும் படும். கடவுள் தன்னை ஆராய்ந்துவிட்டார் என்பது பாடலின் தொடக்கத்தில் முடிந்துபோன செய்தி. தன்னை ஆராயும்படி அவரையே இரப்பது பாடலின் முடிவு. செய்தி வேண்டுகோளாகிறது. கிறிஸ்தவர் விசுவாசம் என்று சொல்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடப்பதே எனலாம்.

அத்தூரத்தைத் தம் வாழ்விலே கடந்த ஒருவர் ஜேர்மனிய லூத்தரன் போதகரும் இறையியல் அறிஞருமான டீட்ரிச் போன்ஹோபர். 1906இல் பிறந்த இவர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருக்க வாய்ப்புக் கிடைத்தும், சில வாரங்களிலேயே நாடு திரும்பினார். 1943 ஏப்ரல் 5ஆம் திகதி கைதாகி, பேர்லினின் டெகல் சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கிருந்து 1944 ஜூலையில் அவர் எழுதிய கவிதை 'நான் யார்?' என்பது. மற்றவர் கண்ணுக்கு அவர் அமைதியும் துணிவும் உடைய மனிதர். அவரோ தமக்குள் கூண்டுப் பறவைபோல் தவிக்கிறார், அன்பான சொல்லுக்கு ஏங்குகிறார், பிரார்த்திக்கவும் சோர்ந்திருக்கிறார். இவ்விருவரில் உண்மையான நான் யார் என்ற கேள்விக்கு அவர் விடை காணவில்லை. தாம் யாராயினும் கடவுள் தம்மை அறிவார், தாம் அவருக்கே உரியவர் என்ற உறுதியோடு கவிதையை முடிக்கிறார். தம்மைத் தாமே அறியமுடியாதவருக்கு, அறியப்பட்டிருத்தல் ஆறுதலாகிறது.

1944 ஜூலை 20ஆம் திகதி ஹிட்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்றது. சதியாளரோடு போன்ஹோபருக்கு இருந்த தொடர்பு வெளிப்பட்டது. ஒக்டோபரில் அவர் கெஸ்டாபோவின் நிலவறைச் சிறைக்கு மாற்றப்பட்டார். டிசெம்பரில் அங்கிருந்து, தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எழுதிய கடிதத்துடன் ஏழு செய்யுள்கள் கொண்ட கவிதையொன்றை அனுப்பினார். நல்ல ஆற்றல்கள் தம்மைச் சூழ்ந்து காக்கின்றன என்பது அதன் பொருள். 1945 ஏப்ரல் 9ஆம் திகதி புளொசன்பேர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். வயது 39. இரு வாரங்களில் அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது.

அப்படியாயின் அந்தக் காப்பு எங்கே போயிற்று? நம் நாட்டில் இதை ஏட்டுக் கேள்வியாக எண்ண முடியாது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர் குண்டுவீச்சில் மடிந்தனர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்குச் சென்றோர் வீடு திரும்பவில்லை. உறவுகளை இழந்தவர் முன்னிலையில் காப்பு என்ற சொல்லை எளிதாக உச்சரித்தல் தகாது.

போன்ஹோபர் அதை எளிதாக உச்சரிக்கவில்லை. அதே கவிதையின் நடுவிலே, துன்பத்தின் கசப்பான கிண்ணம் தரப்பட்டாலும் அதை வாங்கிக்கொள்வதாகக் கூறுகிறார். மீண்டும் மகிழ்ச்சி கிடைத்தாலும் வாழ்வு முழுவதும் கடவுளுக்கே என்கிறார். விடுதலையை அவர் நிபந்தனையாக வைக்கவில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் சிட்டுக்குருவியும் இங்கே நினைவுக்கு வருகிறது. குருவி விழாது என்று அவர் சொல்லவில்லை. பிதாவை அன்றி அது விழுவதில்லை என்பதே அவர் போதனை. விழுந்தபோதும் ஒருவன் அந்த அறிவுக்கும் அன்புக்கும் வெளியே போய்விடுவதில்லை என்பதே கிறிஸ்தவர் நம்பும் காப்பு.

நிலவறையில் பிறந்த அக்கவிதை, இன்று ஆண்டு மாறும் வேளையில் ஜேர்மனியத் தேவாலயங்களில் பாடப்படுகிறது. நேயர்கள் 139ஆம் சங்கீதத்தை முதலிலும், அக்கவிதைகள் இரண்டையும் அதன் பின்னரும் படித்துப் பார்ப்பாராக. ஓடி ஒளிய நினைத்த ஒரு குரல் தன்னையே ஒப்படைக்கும் குரலாக மாறுவதை, எம்மதத்தவராயினும் செவியால் உணரலாம்.