புகைக்கு இறை

நிலக்கரியும் பெற்றோலும் எரிவதாற் பிறக்கும் கரியமிலவாயு உலகை வெம்மையுறச் செய்கின்றது. அத்தீங்கின் விலையை எரிபொருளை விற்போரும் கொடுப்பதில்லை, எரிப்போரும் கொடுப்பதில்லை, ஊரார் அனைவரும் சுமக்கின்றனர். அச்சுமையின் விலையை ஏற்றியவரிடமே வரியாகப் பெறுதல் வேண்டும் என்பது, ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பீகூ 1920இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கொள்கை. விலை ஏறின் மக்கள் குறைவாக எரிப்பர். மாற்று வழியும் தேடுவர்.

கொள்கை நன்றே. ஆயின், நன்மையும் தீமையும் வரி கொள்ளும் முறையில் அன்றோ உள்ளன?

இலங்கையில் 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் காபன் வரி நடைமுறைக்கு வந்தது. வாகனத்தின் இயந்திரக் கொள்ளளவையும் வயதையும் நோக்கி ஆண்டுதோறும் அறவிடுவதாக அஃது அமைந்தது. எனவே, நாள்தோறும் நூறு மைல் ஓடும் காரும், கோயிற் கொடியேற்றத்துக்கு மட்டும் கொட்டிலை விட்டு வெளிவரும் காரும், அளவும் வயதும் ஒத்தனவாயின், ஒரே வரியைச் செலுத்தவேண்டியிருந்தது. இத்தகைய வரி சிறிய வாகனத்தை வாங்கத் தூண்டுமேயன்றிக் குறைவாக ஓட்டத் தூண்டாது. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சி மாறியபின் அவ்வரியும் நீக்கப்பட்டது.

மற்றொரு பாடம் 2022 ஆகஸ்டிற் கிடைத்தது. மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. அது வரியன்று, அரசு தாங்கிவந்த விலைக்குறைப்பு நீங்கியதன் விளைவு. எனினும், வாங்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. துலா மிதித்த காலம் போய், வலிகாமத்துக் கமக்காரர் இன்று இயந்திரத்தாலேயே வெங்காயத்துக்கு நீர் இறைக்கின்றனர். வடமராட்சி மீனவரும் இயந்திரப் படகிலேயே கடலுக்குச் செல்கின்றனர். மாற்று வழியற்றோர் விலையேற்றத்தாற் புகையை மட்டுமா குறைப்பர்? தொழிலையே குறைப்பர்.

அளவறிந்து கொள்ளாத அரசு, விளைவயலிற் புகுந்த யானையை ஒக்கும் எனப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அன்றே அறிவுறுத்தினார். அவ்வளவறிதலை இக்காலத்துச் செய்து காட்டும் நாடும் உண்டு. நம்மவர் பலர் குடியேறி வாழும் சுவிற்சர்லாந்தில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய், வாயு முதலியவற்றின்மீது 2008 முதல் இவ்வரி உண்டு. எரித்த அளவுக்கே வரி. திரண்ட பணத்தின் பெரும்பங்கு மக்களுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் திரும்பிச் செல்கின்றது. மக்களுக்குரிய பங்கு தலைக்கு ஒரே அளவினதாதலின், குறைவாக எரித்த ஏழை கொடுத்ததினும் மிகுதியாகப் பெறுதல் கூடும்.

நம் நாட்டிலும் மீண்டும் இத்தகைய வரி வருமாயின், எரித்த அளவே அதற்கு அளவுகோலாகுக. வெயிலால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் முதலிற் கமக்காரரின் கிணற்றடிக்கு வரட்டும். மண்ணெண்ணெயின் விலை அதன்பின் ஏறட்டும்.