கீற்றிட்ட தட்டுகள்: இல்லக் கணினியில் வேகமும் நம்பகமும்

வீட்டுக் கணினி மெதுவாக இயங்குகிறது என்று குறைபட்டுக்கொள்வோருக்கு, 2000ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டே கணினிக் கடைகளில் ஓர் அறிவுரை வழங்கப்பட்டு வந்துள்ளது. ஒரு வன்தட்டு இருக்குமிடத்தில் ஒரே வகையான இரண்டைப் பொருத்தி, அவ்விரண்டையும் ஒரே தட்டாகக் கணினிக்குக் காட்டினால் வேகம் இரு மடங்காகும் என்பதே அது. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலும் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலும் உறுப்புகளைத் தாமே தேர்ந்து கணினி கட்டிக்கொண்ட தலைமுறைக்கு இப்பேச்சு புதிதன்று. இவ்வமைப்பை 'ரெய்ட் சுழியம்' என்பர். அதன் செயல்முறையைக் 'கீற்றிடல்' என்று இங்கே குறிப்போம்.

மொழிக் கழகத்தின் உரைவரிசையில் வன்தட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிடையே தமிழ் எழுதுவோர் பலரின் கையெழுத்துப்படி இன்று தாளில் இல்லை. வரவேற்பறை மூலையிலுள்ள கணினிக்குள் இருக்கிறது. அது எவ்வாறு எழுதப்பட்டு, எவ்வாறு அழிகிறது என்பதை அறிந்துகொள்வது நம் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

கீற்றிடல் என்பது ஒரு கோப்பைச் சம அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, முதல் துண்டை முதல் தட்டிலும், இரண்டாவதை இரண்டாம் தட்டிலும், மூன்றாவதை மீண்டும் முதல் தட்டிலுமாக மாறிமாறி எழுதிச் செல்வதாகும். துண்டின் அளவு 64 கிலோபைட்டு என்று கொள்வோம். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். 'க' ஒரு குறி. 'க்' என்பதோ ககரமும் புள்ளியுமாக இரண்டு குறி. இத்தகைய 300,000 குறிகள் கொண்ட ஒரு புதினம் 900,000 பைட்டாகும். அது 14 துண்டுகளாகித் தட்டுக்கு ஏழாகப் பிரிந்து கிடக்கும். ஒரு துண்டிலுள்ள 65,536 பைட்டுகளை மூன்றால் வகுத்தால் 21,845 போக ஒரு பைட்டு மிஞ்சுகிறது. சொல்லிடைவெளிகளைக் கணக்கில் கொள்ளாது விட்டால், 21,846ஆம் குறியின் முதல் பைட்டு ஒரு தட்டிலும் எஞ்சிய இரண்டும் மற்றத் தட்டிலும் அமையும். எழுத்தே இரு கூறாகப் பிளவுபட்டு நிற்கிறது. ஒரு தட்டுப் பழுதுற்றால் மற்றதில் எஞ்சுவது பாதிக் கதையன்று; ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிழிக்கப்பட்ட தாள்கள். எந்தத் தாள் எந்தக் கோப்பினது என்று காட்டும் அட்டவணையும் அவ்வாறே கிழிபட்டிருக்கும்.

இம்முறைக்கு ரெய்ட் என்னும் பெயர் வந்ததே சற்று வியப்புக்குரியது. 1988இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையில் அப்பெயர் முன்வைக்கப்பட்டது. விலைமிக்க ஒரு பெருந்தட்டுக்கு மாற்றாக மலிவான சிறுதட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்கொள்ளலாம் என்பது அவர்தம் கருத்து. ஆனால் தட்டுகள் பெருகப் பெருகப் பழுதும் பெருகும் என்பதை அவர்களே கணக்கிட்டுக் காட்டினர்: சராசரியாக 30,000 மணிநேரம் உழைக்கும் தட்டுகள் நூற்றினைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுறச் சராசரியாக 300 மணிநேரமே ஆகும், அதாவது இரண்டு வாரம்கூட இல்லை. ஆகவே பழுதைத் தாங்கும் உபரித் தகவலைச் சேர்த்து எழுதுவதற்கான ஐந்து நிலைகளை வகுத்தனர். ரெய்ட் என்னும் சொல்லின் முதலெழுத்தே அந்த உபரியைக் குறிப்பது. அவ்வைந்தில் சுழியம் இல்லை. அது பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. உபரி ஏதும் இல்லை என்பதைச் சுழியம் நேர்மையாகவே ஒப்புக்கொள்கிறது. கடையில் அதனை யாரும் விளக்குவதில்லை.

இரண்டு தட்டுகளே ஆயினும் கணக்கு அதுவே. கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் பழுதுறும் தட்டுகளின் விழுக்காடு முதலாண்டில் ஏறத்தாழ 1.7 ஆகவும், மூன்றாம் ஆண்டுத் தட்டுகளில் 8.6 ஆகவும் இருந்தது. பின்னதை எடுத்துக்கொண்டால், கீற்றிட்ட இரட்டை அவ்வாண்டில் அழியும் வாய்ப்பு 16 விழுக்காட்டுக்கும் மேல். ஆறில் ஒரு பங்கு என்க.

இவ்விடருக்கு ஈடாகக் கிடைக்கும் வேகம் எத்தகையது? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4.2 மில்லிநொடி ஆகும். ஊசிக்கை நகர மேலும் எட்டு, ஒன்பது மில்லிநொடி. நொடிக்கு 60 மெகாபைட்டு படிக்கும் தட்டு, 4 கிலோபைட்டுக் கோப்பைப் படிக்கும் நேரமோ 0.07 மில்லிநொடிதான். கீற்றிடல் இந்த இரண்டாவது நேரத்தைத்தான் குறைக்க முயல்கிறது. தேடும் நேரம் அப்படியே நிற்கிறது. இயங்குதளம் எழுவதும் செயலி திறப்பதும் பெரும்பாலும் இத்தகைய சிறுசிறு தேடல்களே. ஒரே வேளையில் பலர் கோரிக்கை விடுக்கும் சேவைக் கணினியில் அக்கோரிக்கைகள் இரு தட்டுகளுக்கும் பகிர்ந்து செல்வதால் பயனுண்டு. வீட்டிலோ ஒருவர் அமர்ந்து ஒரு கடிதம் எழுதுகிறார். 1 கிகாபைட்டுக் காணொளியை முழுதாகப் படிக்கும்போது மட்டும் 17 நொடி ஒன்பதாகக் குறையக் காண்பார்.

தட்டே பழுதுற வேண்டுமென்பதும் இல்லை. நாம் நன்கறிந்த ஒரு வீட்டில் இயங்குதளம் தனித்தட்டிலும், குடும்பப் படங்களும் தந்தையார் எழுதிய சிறுகதைகளும் கீற்றிட்ட இரட்டையிலும் இருந்தன. தாய்ப்பலகையிலுள்ள காசளவு மின்கலம் தீர்ந்தது. அமைப்புகள் ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மீண்டன. இரட்டை என்னும் உறவு மறைந்தது. இயங்குதளம் இரண்டு வெற்றுத் தட்டுகளைக் கண்டு, புதிதாக வடிவமைக்கலாமா என்று கேட்டது. வீட்டுப் பிள்ளை ஆம் என்று அழுத்திவிட்டான். தட்டுகள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. பழைய அமைப்பைத் திருப்பியிருந்தால் கோப்புகள் கிடைத்திருக்கும். ஆனால் அதை அறிந்தவர் அருகில் இல்லை. தந்தையாரின் கதைகளுள் இதழ்களில் அச்சேறியவை மட்டுமே இன்று உள்ளன.

இக்காலத் திடநிலைத் தட்டுகள் இவ்வழக்கின் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டன. அவற்றில் சுழற்சியும் இல்லை, ஊசிக்கையும் இல்லை, தேடல் 0.1 மில்லிநொடியளவில் முடிகிறது. நொடிக்கு 7,000 மெகாபைட்டு படிக்கும் ஒற்றைத் தட்டு கிடைக்கும்போது, இரண்டைக் கீற்றிட்டு வீட்டில் என்ன செய்வது? காணொளி தொகுப்போர் இடைக்காலக் கோப்புகளை வைக்கும் களமாக அதனைக் கொள்ளலாம். மூலப்பதிவு வேறிடத்தில் இருக்குமாயின் இழப்பு ஒரு பிற்பகல் வேலைதான். அதற்கப்பால் இல்லத்தில் அதற்கு இடமில்லை என்பதே நம் துணிபு.

இரட்டையை ஒன்றன் நகலாக மற்றதை வைக்கும் முதல்நிலைக்கு மாற்றினால் போதும் என்பாரும் உளர். தட்டின் பழுதுக்கு அது காப்பு. தவறி அழித்த கோப்பு இரண்டிலுமே அக்கணத்தில் அழிந்துபோகும். கணினியிலிருந்து கழற்றி வைக்கும் புறத்தட்டு ஒன்றும், வேறொரு வீட்டில் வைக்கும் இன்னொன்றும் இருப்பதே தக்கது. ஆண்டுக்கொருமுறை அவற்றை வேறு கணினியில் செருகிப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்பது நம் வழக்கம். சென்றமுறை திறந்த கோப்பு நலமாகவே இருந்தது. ஆயினும் 1990களின் எழுத்துருவொன்றில் தட்டெழுதப்பட்டிருந்தமையால் திரையில் இலத்தீன் குறிகளாகத் தோன்றியது. அது வேறோர் உரைக்குரிய பொருள்.