திரையை ஆள்வது எது?

கணினித் திரையில் தோன்றும் எழுத்தும் படமும் வரைகலைச் செயலியின் ஆக்கங்களே. 2010-இல் இன்டெல் நிறுவனம், மேசைக் கணினிக்கான முதன்மைச் செயலியின் உறைக்குள்ளேயே இதனையும் வைத்து வெளியிட்டது. இது ஒருங்கிணைந்த வரைகலை எனப்படும். இதற்கெனத் தனி நினைவகம் இல்லை. முதன்மை நினைவகத்தில் ஒரு பங்கினைப் பெற்று இயங்கும். தட்டச்சுக்கும் காணொலிக்கும் இதுவே போதும். முப்பரிமாண விளையாட்டு, அசைவூட்டம் போன்றவற்றிற்குச் சொந்த நினைவகமுடைய தனி வரைகலை அட்டை தேவைப்படும்.

இரண்டும் ஒரே மேசைக் கணினியில் இருப்பின் திரையை ஆள்வது எது? திரையின் வடம் செருகப்பட்ட இடமே பெரும்பாலும் அதனை முடிவு செய்கிறது. பெரும்பொருள் செலவிட்டு அட்டை வாங்கியோர், பழைய வழக்கப்படி வடத்தைத் தாய்ப்பலகையிலேயே செருகிவிட்டு, வேகம் கூடவில்லையே என வருந்துவதுண்டு. அட்டை பழுதன்று, வடத்தை அட்டையின் செருகுவாய்க்கு மாற்றினாலே போதும்.

அட்டை பொருத்தப்பட்டதும் பல கணினிகள் ஒருங்கிணைந்த வரைகலையைத் தாமே அணைத்துவிடும். இரண்டையும் ஒருங்கே பயன்படுத்த விரும்புவோர் பயாஸ் அமைப்பில் அதனை இயக்க வேண்டும். அட்டை பழுதுற்றால், அதனைக் கழற்றிவிட்டு வடத்தைத் தாய்ப்பலகையில் செருகித் திரையை மீட்கலாம். ஆயினும், பெயர் 'எஃப்' என முடியும் இன்டெல் கோர் செயலிகளில் ஒருங்கிணைந்த வரைகலை இயங்காது. விலை சற்றுக் குறைவென்று அவற்றை வாங்கியோர்க்கு, வேறோர் அட்டை கிடைக்கும்வரை திரை இருண்டே இருக்கும்.