சார்ஜ்: ஒரே சொல், எத்தனை பாரம்!

இந்த வாரம் பேட்டரி சார்ஜிங் பத்திப் பேசினப்போ எனக்கு அந்தச் சொல் மேலயே கண் போச்சு. ஃபோனுக்கு சார்ஜ், பேங்க்ல சார்ஜ், போலீஸ் போடுற சார்ஜ், ஆபீஸ்ல இன்சார்ஜ். எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான்: வண்டியைக் குறிக்கும் 'கார்ரஸ்' என்ற லத்தீன் சொல். அதிலிருந்து 'வண்டியில் பாரம் ஏற்று' என்ற பொருள் வந்தது. கார், கார்கோ, கேரி, கேரிகேச்சர் எல்லாம் இதன் சொந்தங்கள்.

தமிழ்லயும் பாருங்க: மின்னேற்றம், குற்றம் சுமத்துவது, பொறுப்பைச் சுமப்பது. எல்லாமே பாரம்தான்! பணத்துக்கு மட்டும் 'கட்டணம்'.

வீட்டுக்கு வர்ற கடிதங்களைப் பெரியவங்களுக்குப் படிச்சுச் சொல்றது நம்மில் பலரோட வேலை. மொழிபெயர்ப்புச் செயலியில ஒத்தைச் சொல்லைப் போடாதீங்க, முழு வாக்கியத்தையும் போடுங்க. பக்கத்துச் சொல்லையும் கவனிங்க. 'சார்ஜ்ட் வித்'னா பெரும்பாலும் குற்றச்சாட்டு. 'சார்ஜ்ட் ஃபார்'னா பெரும்பாலும் கட்டணம். 'ரிலீஸ்ட் விதவுட் சார்ஜ்'னா குற்றம் சுமத்தாம விட்டுட்டாங்கன்னு அர்த்தம், 'இலவசம்' இல்ல.

இது மாறிப்போனா, ஒரு சாதாரண பில்லுக்காக அம்மம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாங்க.