நீட்சிப் பயிற்சி

நீட்சிப் பயிற்சி என்பது தசைகளையும், அவற்றை எலும்புடன் இணைக்கும் தசைநாண்களையும் மெதுவாக நீட்டி, மூட்டுகள் அசையும் எல்லையைக் காக்கவும் கூட்டவும் செய்யப்படும் உடற்பயிற்சி ஆகும். ஒரு மூட்டு தன் முழு எல்லை வரை தடையின்றி அசையும் தன்மை நெகிழ்வுத்தன்மை எனப்படும். இது பிறவியால் மட்டும் அமைவதன்று. பயன்படுத்தினால் நிலைக்கும், பயன்படுத்தாவிடில் குறையும்.

தமிழ்நாட்டு மரபில்

நடனம், சிலம்பம், யோகம் ஆகிய மூன்றிலும் உடலை வளைத்துப் பழக்குவது அடிப்படைப் பாடமாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் நடன மரபுக்கு இரு சான்றுகள் உள்ளன. சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் தூண்களில், இடையை ஒசித்து ஒரு கையை உடலின் குறுக்கே நீட்டி ஆடும் நங்கையரின் ஓவியங்களைக் காணலாம். இவை கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன.

அதே மாவட்டத்தின் விராலிமலை முருகன் கோயில் சதிராட்டத்திற்குப் பெயர் பெற்றது. அக்கோயிலுக்கு ஏழாம் வயதில் அர்ப்பணிக்கப்பட்ட விராலிமலை முத்துக்கண்ணம்மாள், முதுமையிலும் சதிர் ஆடிக் காட்டியவர். அவருக்கு 2022ஆம் ஆண்டு பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. சதிரிலிருந்து வளர்ந்த பரதநாட்டியத்தின் அடிப்படை நிலை அரைமண்டி ஆகும். முழங்கால்களை வெளிப்புறம் திருப்பிப் பாதி அமரும் இந்நிலைக்கு இடுப்பு மூட்டு நன்கு திறக்க வேண்டும். இது சில நாட்களில் வருவதன்று. பல ஆண்டுத் தொடர்பயிற்சியால் அமைவது.

சென்னையில் யோகம் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989), ஆசனங்களை ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மாற்றி அமைத்தார்.

உடலியல் அடிப்படை

தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசை திடீரென நீட்டப்பட்டால் இவை நரம்பு வழியே செய்தி அனுப்ப, தசை தானாகச் சுருங்குகிறது. தசையைக் காக்கும் இவ்வியக்கம் நீட்சி மறிவினை எனப்படும். மெதுவாக நீட்டும்போது இது பெரிதும் தூண்டப்படுவதில்லை.

சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் முன்னேற்றம் தசை நீளமாவதால் மட்டும் வருவதில்லை. நீட்சியை நரம்பு மண்டலம் தாங்கிக்கொள்ளும் அளவு உயர்வதே அதற்கு முதன்மைக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

வகைகள்

* நிலை நீட்சி: ஒரு நிலையை எட்டி, அசையாமல் சில நொடிகள் இருத்தல்.
* இயங்கு நீட்சி: கை, கால்களைக் கட்டுப்பாட்டுடன் அவற்றின் எல்லை வரை மீண்டும் மீண்டும் அசைத்தல்.
* இறுக்கித் தளர்த்தும் நீட்சி: தசையை முதலில் இறுக்கி, பின் தளர்த்தி நீட்டுதல். இயன்முறை மருத்துவத்தில் பயன்படுகிறது.

நன்மைகள்

சம்மணமிட்டு அமர்தல், குந்தி அமர்ந்து கோலமிடுதல், குனிந்து நாற்று நடுதல் ஆகியவை இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளை அன்றாடம் பயன்படுத்தும் செயல்கள். நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்து பணிபுரிவோருக்கு இவ்வாய்ப்புக் குறைவு. அவ்விழப்பை ஈடுசெய்வது நீட்சிப் பயிற்சியின் முதன்மைப் பயனாகும். நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதால் கழுத்திலும் தோளிலும் உண்டாகும் இறுக்கத்தையும் இது தணிக்கும்.

முதியோருக்கு இது தன்னியக்கத்தைச் சார்ந்தது. தரையிலிருந்து பிறர் துணையின்றி எழுதல், சட்டை அணிதல், மேல்தட்டிலிருந்து பொருளை எடுத்தல் போன்றவற்றுக்கு மூட்டசைவு தேவை. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. தரையில் அமர்ந்து எழுவதில் மிகவும் இடர்ப்பட்டோரிடையே பின்வந்த ஆண்டுகளில் இறப்பு வீதம் கூடுதலாக இருந்தது. எனினும் இச்செயலுக்கு நெகிழ்வுடன் தசை வலிமையும் சமநிலையும் வேண்டும் என்பதால், நீட்சி மட்டுமே ஆயுளைக் கூட்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

தவறான கருத்துகள்

விளையாட்டுக்கு முன் நீட்டினால் காயம் வராது என்ற கருத்துப் பரவலாக உள்ளது. ஆத்திரேலியப் படைப் பயிற்சியாளர் 1,538 பேரைக் கொண்டு நடத்தி, 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், பயிற்சிக்கு முன் செய்த நீட்சி கால் காயங்களைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. உடற்பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் தசைவலியையும் இது மிகச் சிறிதளவே குறைக்கிறது. ஓட்டம், தாண்டுதல் போன்றவற்றுக்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நிலை நீட்சி செய்தால் அதன் ஆற்றல் தற்காலிகமாகக் குறையலாம். அவ்வேளைக்கு இயங்கு நீட்சியே ஏற்றது.

செய்யும் முறை

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2011இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் இப்பயிற்சியைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 10 முதல் 30 நொடிகள் இருக்கலாம். முதியோருக்கு 30 முதல் 60 நொடிகள் வரை நன்மை தரும். ஒரு தசைத்தொகுதிக்கு மொத்தம் 60 நொடிகள் போதும். சிறிது நடந்து உடல் சூடேறிய பின் தொடங்குவது நல்லது. இழுவிசையை உணரும் அளவே போதும். வலி தோன்றினால் நிறுத்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது.

அண்மையில் எலும்பு முறிவோ அறுவை மருத்துவமோ உற்றவர்களும், இயல்பிலேயே மூட்டுகள் அளவுமீறி வளைபவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நீரிழிவு உள்ளோருக்குத் தோள்மூட்டு இறுகிப்போகும் நோய் மற்றவரைவிட மிகுதியாக வருவதால், கையை உயர்த்துவதில் தடை தோன்றினால் அவர்கள் காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகுதல் வேண்டும்.